முப்பதில் ஓர் அழைப்பு

கடிதம் வீட்டுக்கு வரவில்லை, ஆபீசுக்கு வந்தது. அதிலேயே ஹலோக்காரருக்கு விஷயம் சரியில்லை என்று பட்டுவிட்டது. வீட்டு முகவரி தெரிந்தவன் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறான் என்றால், வீட்டில் ஒருத்தர் கண்ணில் அது படக்கூடாது என்றுதானே அர்த்தம்.

ஹலோக்காரர் என்பது தெரு வைத்த பெயர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷமாகச் சோதனை மேசையில் உட்கார்ந்திருக்கிறவர். வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தாலும் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். சுவிட்ச் மெஷின்களுக்குச் சூடு ஆகாது. "மெஷினுக்கு ஏசி, பொண்டாட்டிக்கு விசிறி" என்று அவர் மனைவி வருஷா வருஷம் கோடைக்கு ஒருதரம் சொல்லிக்காட்டுவாள்.

கடிதம் மருமகன் எழுதியது. பேக்கரியில் அடுப்பு வேலை பார்க்கிற பையன். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் விஷயம் நேராக இருந்தது.

"மாமா, உங்க பொண்ணுக்கு இது அஞ்சாவது மாசம். அதைச் சொல்லத்தான் போன மாசம் கீழ இருக்கிற கடையிலேர்ந்து வீட்டுக்கு போன் பண்ணா. அத்தைதான் எடுத்தாங்க. ‘அம்மா நான்தான்’னு இவ சொல்லியிருக்கா. அதுக்கு அத்தை, ‘நீ யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும், வெக்கங்கெட்ட ஜென்மம், இனிமே இந்த வீட்டுக்கு போன் பண்ணாதே’ன்னு சொல்லி வெச்சுட்டாங்களாம். அன்னியிலேர்ந்து இவ சரியா சாப்பிடறதில்ல. எடை ஏறவே இல்லைன்னு டாக்டர் திட்டுறாரு. அத்தை மேல கோபப்பட எனக்கு உரிமை இல்ல. உங்ககிட்ட சொல்லாம இருக்கவும் முடியல."

ஹலோக்காரர் கடிதத்தை மடித்தார். மறுபடி பிரித்தார்.

மகள் வீட்டில் சொல்லாமல் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு போய் ஒரு வருஷம் ஆகிறது. முதல் ஆறு மாதம் அவர் மனைவி அவள் பேரையே எடுக்கவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, போன குளிர்காலத்தில் ஒரு கம்பளியைத் தைத்துப் பார்சல் அனுப்பினாள். கடிதம் வைக்கவில்லை, கம்பளி மட்டும்தான். அதுவே அவளுக்குப் பெரிய விஷயம். அப்படி இளகினவளா இப்படிச் சொல்லியிருப்பாள்?

சொல்லியிருப்பாள் என்று அவருக்கே தெரிந்தது. ஏனென்றால் அந்த வார்த்தைகளை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். மனைவி தையல் மெஷினில் இருந்தாள். ஜன்னல் திரை தைக்கிறவள். பக்கத்து ஊர்களிலிருந்து ஆர்டர் வரும். ஒரு நாளைக்கு நாலு போனாவது வெளியூரிலிருந்து வரும்.

"இதைப் படி" என்றார்.

அவள் மெஷினை நிறுத்தாமலே வாங்கினாள். இரண்டாவது வரியில் கால் நின்றுவிட்டது. படித்து முடித்து, மெஷின் ஊசியையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அஞ்சு மாசமா?"

"ம்."

"என் பொண்ணையா நான் அப்படிச் சொன்னேன்?" குரல் மெல்லத்தான் கிளம்பியது. "என்னங்க, சத்தியமா எதிர்ல ஒரு சத்தமும் இல்ல. ஹலோ ஹலோன்னு பத்து தரம் கத்தினேன். ஒரு மூச்சு சத்தம் கூட இல்ல. ரெண்டு மாசமாவே அப்படித்தான் வருது. எடுத்தா ஊமை. உங்ககிட்ட எத்தனை தரம் சொன்னேன்?"

"சொன்னே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

"வேலையத்தவன் எவனோ விளையாடுறான், நாலு வார்த்தை நறுக்குன்னு கேளு, ‘நீ யாருன்னு எனக்குத் தெரியும்’னு சொல்லு, பயந்துடுவான்னு சொன்னது யாரு? நானா யோசிச்சுச் சொன்னேன்? எனக்கு அந்த மாதிரி பேசவாவது வருமா?"

"இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது? லைன்ல ஏதோ கோளாறு. அதைப் பார்க்கணும்."

"ரெண்டு மாசமா நான் சொன்னது லைன் கோளாறுன்னு தோணல. மாப்பிள்ளை லெட்டர் போட்டாத்தான் தோணுமா? ஊர் போனையெல்லாம் சரி பண்ற மனுஷனுக்கு வீட்டு போன் ஊமையாப் போனது தெரியல!"

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் பரிமாறவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. மகள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையின் நம்பர் கடிதத்தின் அடியில் இருந்தது. அவர் சுழற்றினார். நல்லவேளை, பேச்சு கேட்டது. கடைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிடச் சொன்னார். பத்து நிமிஷம் கழித்து அவரே திரும்பப் பேசினார்.

"சார், அந்தப் பொண்ணு இறங்கி வரமாட்டேங்குது. நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு மாசமா லைன் கோளாறுன்னு சொன்னேன். ‘எங்கப்பா வேலை பாக்குறதே அங்கதான், கோளாறுன்னா ரெண்டு மாசம் விட்டு வெச்சிருப்பாரா? அம்மாவுக்காகச் சமாளிக்கிறாரு’ன்னு சொல்லுது. நான் என்ன சார் பண்றது?"

போனை வைத்ததும் மனைவி பஸ் டைம் கேட்டாள். அடுத்த நிமிஷமே அவளே வேண்டாம் என்றாள்.

"போய் என்னன்னு சொல்வேன்? லைன் ஊமையா இருந்துச்சுன்னா? உங்க ஆபீஸே நம்புதா அதை?"

ஆபீஸ் நம்பவில்லைதான். புகார் நோட்டில் பதினேழு பேர் எழுதியிருந்தார்கள். ‘வெளியூர்ப் போன், சத்தம் இல்லை.’ ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ‘சோதித்தோம், சரியாக உள்ளது.’ அதில் ஒன்பது அவர் கையெழுத்து. புகார் கொடுத்தவரின் லைனைச் சோதித்தால் சரியாகத்தான் இருக்கும். மறுபடி கூப்பிட்டால் பேச்சும் தெளிவாகக் கேட்கும். அதோடு எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

அன்று பிற்பகல் நோட்டைத் தூக்கிக்கொண்டு இன்ஜினியர் அறைக்குப் போனார். இன்ஜினியர் அவரைவிடப் பத்து வயது இளையவர். கெட்டவர் இல்லை, திரையை நம்புகிறவர்.

"பாருங்க" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "வெளியூர்க் கேபிள் நாலும் பச்சை. நூத்தி இருபது வழியும் பச்சை. வாரா வாரம் தானா சரிபார்க்குது, ஒரு பிழை இல்ல. இதுக்கு மேல எதைத் தேடச் சொல்றீங்க?"

"சார், பதினேழு பேர் பொய் சொல்வாங்களா?"

"பொய்யின்னு சொல்லல. அவங்க போன் பழசா இருக்கும், ஈரம் இறங்கியிருக்கும்."

"இந்த வெயில்லயா ஈரம்?"

"அப்ப தூசி. விடுங்களேன். காலாண்டு அறிக்கை அனுப்பியாச்சு, பிழை பூஜ்யம்னு. நீங்க ஒரு வழியை அடைச்சுச் சோதிக்கணும்னா நான் மேல அனுமதி கேக்கணும். காரணம் என்னன்னு எழுத? ஒருத்தர் வீட்டுல போன் ஊமையாச்சுன்னா?"

ஹலோக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் இரண்டு மாதமாகத் தான் மனைவியிடம் சொன்னதையே இன்ஜினியர் தன்னிடம் சொல்கிறார் என்பது நினைவுக்கு வர, நோட்டை மூடிக்கொண்டு வெளியே வந்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று மற்றவரைச் சொல்வது சுலபம்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாள் இன்ஜினியர் கூட்டத்துக்குப் போய்விட்டார். வீட்டிலோ வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஊமைப் போன் வந்தால் இப்போது மனைவி திட்டுவதில்லை. பேசிக்கொண்டே இருந்தாள்.

"கண்ணு, நீயாடா? எங்களுக்குத்தான் நீ பேசறது கேக்கல. நான் பேசறது உனக்குக் கேக்குதுன்னு அப்பா சொன்னாரு. அன்னிக்கு நான் உன்னைச் சொல்லலடா. எவனோன்னு நெனச்சுட்டேன். வேளைக்குச் சாப்பிடு. பால் பிடிக்கலைன்னா முட்டை சாப்பிடு. கேக்குதா? கேக்குதுன்னா மறுபடி பண்ணு."

உடனே மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள். ஆண் குரல்.

"அம்மா, நான் லாட்ஜ் மேனேஜர். பன்னிரண்டு திரை ஆர்டர் குடுத்தேனே. முட்டை சாப்பிடச் சொன்னீங்க. டாக்டர் எனக்கு முட்டையே கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா."

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். அன்று அவள் போனை வைத்துவிட்டு, வெட்டி வைத்த துணி மேலேயே உட்கார்ந்து அழுதாள். "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் என் குரல் போகுது, பெத்ததுக்குப் போகல" என்றாள். அவர் தோளைத் தொடப் போனார். அவள் தட்டிவிட்டாள்.

"நீங்க இன்னும் ஒரு வார்த்தை சொல்லல."

"என்ன சொல்லல?"

"தெரியலைன்னா விடுங்க."

அவருக்குத் தெரியாமல் இல்லை. ‘நான் சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு’ என்ற நாலு வார்த்தை. வாய்வரை வந்து வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மதியம் ஊரே சாப்பிட்டுப் படுத்திருந்தது. போன் நடமாட்டம் குறைகிற நேரம். அனுமதியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முடிவு செய்து, கேபிளின் அந்தப் பக்கத்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டார். அங்கே இருக்கிற அம்மாவோடு பதினொரு வருஷமாகப் பேசுகிறார், முகம் பார்த்ததில்லை. குரலை வைத்து ஒல்லியான ஆள் என்று ஒரு கணக்கு.

"மேடம், ஒரு உதவி. ஒவ்வொரு வழியா, காலியா இருக்கிறப்போ அடைச்சு, உங்க பக்கத்துலேர்ந்து ஒரு டோன் போடுங்க. நான் இந்தப் பக்கம் காது வெச்சுக் கேக்குறேன். ஒண்ணுலேர்ந்து நூத்தி இருபது வரைக்கும்."

"நூத்தி இருபதுமா! சார், நான் இன்னும் சாப்பிடல."

"நானும் நாலு நாளா சரியா சாப்பிடல மேடம்."

"என்ன சார், வீட்டுல ஏதாவதா?"

சொன்னார். முழுதும் சொல்லவில்லை, பாதி சொன்னார். அந்தம்மா, "இருங்க, டப்பாவை மூடி வெச்சுட்டு வரேன்" என்றாள்.

ஒன்று. பூ என்று நீளமான டோன் ஹெட்போனில் கேட்டது. சரி. இரண்டு, சரி. யாராவது பேசிக்கொண்டிருந்த வழியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்கள். கேபிளுக்கு முப்பது வழி, வழிக்கு ஒரு பேச்சு; முதல் கேபிள் முடிய முக்கால் மணி ஆயிற்று. இரண்டாவதும் சுத்தம். ஹெட்போன் இறுக்கிக் காது மடல் எரிந்தது. டோன் போடாத நேரத்திலும் டோன் கேட்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது கேபிளில் பதினாறு வரை வந்தாயிற்று.

"பதினேழு போட்டாச்சு சார்."

ஒன்றும் கேட்கவில்லை.

"மேடம், போடுங்க."

"போட்டிருக்கேன் சார். இங்க மீட்டர் ஊசி காட்டுது."

"நான் அந்தப் பதினேழுலயே ஒரு வார்த்தை பேசறேன். கேக்குதா பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

"சுத்தமாக் கேக்குது. நான் பேசறது?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, அந்தக் கேள்வி அவருக்குக் கேட்கவே இல்லை. வேறு வழியில் கூப்பிட்டு அந்தம்மா திரும்பக் கேட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது. பதினெட்டும் அப்படி, பத்தொன்பதும் இருபதும் அப்படி. இருபத்தொன்றில் டோன் பழையபடி பூ என்றது, கடைசிவரை மிச்சமும் சுத்தம். நூற்றிருபதில் நாலு. முப்பது அழைப்புக்கு ஒன்று அந்த நாலு குழியில் ஏதாவதொன்றில் விழுந்து, ஒரு பக்கம் ஊமையாகிக்கொண்டிருந்தது.

டோன் எங்கேதான் போகிறது? வழிகளை வீட்டு லைன்களோடு இணைக்கிற சுவிட்ச் கார்டின் காலி இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டுக்கொண்டே போனார். யாருக்கும் ஒதுக்காத ஓர் இடத்தில், ஆளில்லாத வீட்டில் குழாய் திறந்து கிடக்கிற மாதிரி, பூ என்று கொட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம், எந்த வழி எங்கே சேரவேண்டும் என்கிற பாதைப் பட்டியலைக் கார்டிலிருந்தே படித்து எடுத்து, கம்ப்யூட்டரில் இருக்கிற பட்டியலோடு வரி வரியாக வைத்துப் பார்த்தார். நாலு வரி ஒத்துப்போகவில்லை. கம்ப்யூட்டர் பட்டியல் புதியது. கார்டுக்குள் இருந்தது போன வருஷத்துப் பழைய பட்டியல். மின்னல் அடித்துக் கார்டு போன அன்று புதுக் கார்டு செருகினார்கள். அதில் ஏற்றினது பழைய பிரதி. திரையோ தன் பட்டியலைத் தானே பார்த்துக்கொண்டு பச்சை காட்டிக்கொண்டிருக்கிறது. கார்டைக் கேட்பதே இல்லை. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்கிற மாதிரி.

கார்டு மாற்றின தேதியை எடுத்தார். எண்பத்தொரு நாள். செருகியவர் கையெழுத்தைப் பார்த்தார், அவருடையதுதான்.

இன்ஜினியரை வீட்டிலிருந்து வரவழைத்தார். பனியன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு, எரிச்சலோடு வந்தார்.

"அனுமதி இல்லாம அடைச்சீங்களா?"

"ஆமா. மெமோ அப்புறம் குடுங்க. முதல்ல இதைக் காதுல வைங்க."

ஹெட்போனை அவரே இன்ஜினியர் தலையில் மாட்டிவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு மேலதிகாரியின் தலையைத் தொட்டது அதுதான் முதல் தரம்.

"பதினேழாவது வழி. டோன் போட்டிருக்கு. கேக்குதா?"

"இல்லை."

"திரையைப் பாருங்க."

பச்சை. இன்ஜினியர் திரையைப் பார்த்தார், ஹெட்போனை அழுத்திப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை நாளா?"

"எண்பத்தொரு நாள். கார்டைச் செருகினது நான். சரிபார்த்தாச்சுன்னு போட்ட கையெழுத்து உங்களுது."

"அறிக்கை போயிடுச்சே" என்றார் இன்ஜினியர், தனக்குத்தானே. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, நாலையும் அடைங்க. நான் பட்டியலை வாசிக்கிறேன், நீங்க ஏத்துங்க" என்றார்.

நாலு வழியையும் சேவையிலிருந்து எடுத்தார்கள். பழைய பாதையை அழித்து, புதியதை எழுதி, எழுதினதைக் கார்டிலிருந்தே திரும்பப் படித்தார்கள். பத்தொன்பதாவது வழி ஏற மறுத்தது. மூன்று தரம் ஏற்றினார்கள், மூன்று தரமும் பழையதே வந்தது. இன்ஜினியர் மேசையைக் குத்தினார். கடைசியில் கார்டை வெளியே இழுத்து, மறுபடி செருகி, முழுப் பட்டியலையும் முதலிலிருந்து ஏற்றிய பிறகுதான் வழிக்கு வந்தது. அந்தப் பக்கத்து அம்மா நாலிலும் டோன் போட்டாள். நாலும் கேட்டது. கடைசியில் டோனை நிறுத்திவிட்டு, பதினேழாவது வழியிலேயே பேசினாள்.

"சார், இப்ப நான் சாப்பிடலாமா?"

"சாப்பிடுங்க மேடம்" என்றார். ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

லைன் சரியாகிவிட்டது. மகள்தான் பேசவில்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய். மணி அடிக்கும்போதெல்லாம் மனைவி துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். எல்லாக் குரலும் தெளிவாகக் கேட்டது. லாட்ஜ் மேனேஜர், பள்ளிக்கூடத்து டீச்சர், தவறான நம்பர். கடைக்காரர் மூலம் சொல்லி அனுப்பியும் பதில் இல்லை. போன் ஊமையாக இருந்தபோது ஒரு நம்பிக்கையாவது இருந்தது. அதுவும் இப்போது இல்லாமல் போயிற்று.

புதன்கிழமை காலை மனைவி பையைக் கட்டினாள்.

"அந்தக் கோளாறு அறிக்கை ஒரு பிரதி குடுங்க. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கணும். பெத்த பொண்ணைப் பார்க்கப் போக முத்திரை வாங்கிட்டுப் போறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்."

இன்ஜினியர் தானே நகல் எடுத்து, இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக்கொண்டாள். பஸ் நகரும்வரை அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சோதனை மேசையில் போன் அடித்தது. எடுத்தார்.

"அப்பா."

ஒரு வருஷம் கழித்து அந்தக் குரல். பின்னால் கடையில் யாரோ தராசுத் தட்டில் எதையோ போடும் சத்தம் கூடக் கேட்டது.

"சொல்லும்மா. எப்படி இருக்கே?"

"அம்மா வந்திருக்காங்க. பேப்பரைக் காட்டினாங்க. மூணாவது கேபிள், பதினேழுலேர்ந்து இருபது, எண்பத்தொரு நாள். எல்லாம் படிச்சேன். நம்புறேன். காலைல ரெண்டு முட்டை சாப்பிட வெச்சுட்டாங்க." நிறுத்தினாள். "ஒண்ணு மட்டும் புரியலப்பா. நான் பேசினது அம்மாவுக்குக் கேக்கலைன்னா, ‘நீ யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும்’னு ஏன் சொன்னாங்க? அது பேப்பர்ல இல்ல. அம்மாவைக் கேட்டா, ‘கோபத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன், விடு’ங்கறாங்க. என்னால விட முடியலப்பா. அஞ்சு வாரமா அதுதான் காதுல கேக்குது."

அவர் மனைவி அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. எட்டு மணி நேரம் பஸ்ஸில் போய், பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிர் மேசையில் இன்ஜினியர் வந்து உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கேட்டால் கேட்கட்டும் என்று தோன்றியது.

"அது அம்மா வார்த்தை இல்லம்மா. நான் சொல்லிக் குடுத்தது. எவனோ விளையாடுறான், அப்படிச் சொன்னா பயந்துடுவான்னு நான்தான் சொன்னேன். அம்மா ரெண்டு மாசமா லைன் சரியில்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான் காது குடுக்கல. அந்தக் கார்டைச் செருகினதும் நான்தான். எல்லாம் என் தப்பு."

அந்தப் பக்கம் பேச்சு இல்லை. ஆனால் தராசுச் சத்தம் இருந்தது, சைக்கிள் மணி ஒன்று கடந்து போனது, மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இதை அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? இங்க வந்து அவங்ககிட்ட சொல்லுங்க."

"வரேன்" என்றார். "நாளைக்குக் காலைல பஸ்."

"இன்னிக்கு மதியம் ஒண்ணு இருக்குப்பா" என்றாள் மகள்.